துரை ஏற மறுத்த பெட்டி

மழை பிடித்துக்கொண்டது. காதல் கதையில் மழை வந்தால் ஒரு குடைக்குள் இரண்டு பேர் வந்தாக வேண்டும்... இந்தக் கதையில் ஒரு சோபாத் திண்டுதான் வந்தது. அதை உடம்பில் படாமல் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, மாடிப்படியில் தடதடவென்று இறங்கினாள் அவள். அப்போது அவளுக்கு இருந்த கோபத்தில் நாலு சட்டைக்கு இஸ்திரி போட்டிருக்கலாம்.

திண்டு அத்தானுடையது; அவள் இருப்பது அக்கா வீட்டில். அவர் சாய்ந்துகொண்டு செய்தி பார்க்கிற திண்டு. அதன்மேல் யாரோ ஒன்றுக்குப் போய்விட்டார்கள். யாரோ என்ன யாரோ... துரைதான்.

துரை என்பது பூனைக்குட்டி. ஒரு வேலையும் செய்யாமல், கேட்டதெல்லாம் சாப்பிட்டு, நினைத்த இடத்தில் நினைத்ததைச் செய்வதால் அக்கா வைத்த பெயர். அதற்கென்று வாங்கிய பிளாஸ்டிக் தட்டும், அதில் கொட்டிய பூவாசனை மண்ணும் புத்தம் புதிதாகக் குளியலறை ஓரத்தில் இருந்தன. துரை அதைத் தவிர வீடு முழுவதையும் பயன்படுத்திவிட்டது. கால்மிதி, அக்காவின் கைப்பை, அவளுடைய தலையணை... இன்று திண்டு.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு கதவு எதிரே வந்தது. மரக்கதவு. கீழே இரண்டு கால்கள் முளைத்து, தானாகவே படியேறி வந்தது. திண்டும் கதவும் மோதிக்கொண்டன.

"கண்ணு தெரியலையா?" என்று கத்தினாள்.

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள் அவள். அதைத் தினமும் கேட்பதுதான் வேலை. ஆனால் கடையில் இத்தனை சத்தமாகக் கேட்பதில்லை.

"கதவுக்கு நான் பூட்டு மட்டும்தாங்க வைப்பேன். கண்ணு வைக்கறதில்ல" என்றது கதவு.

கதவை மெல்லச் சுவரில் சாய்த்துவிட்டு ஒருவன் வெளியே வந்தான். தலையெல்லாம் மரத்தூள். காதில் பென்சில். மேல்வீட்டு அலமாரி வேலைக்கு வந்த தச்சன். மூக்கை உறிஞ்சினான்.

"என்னங்க இது... ஒரு மாதிரி வாசனை?"

"இதுக்குப் பேரு வாசனையா? மூக்கும் ரிப்பேரா உங்களுக்கு?"

"லிஃப்டும் ரிப்பேர், நானும் ரிப்பேர். வழி விடுங்க மேடம்."

"மேடம்னு சொல்லாதீங்க. எனக்குப் பத்திக்கிட்டு வரும்."

"வர்றதுக்கு என்ன இருக்கு? ஏற்கெனவே எரிஞ்சுக்கிட்டுதானே இருக்கீங்க!"

நல்ல பதில் ஒன்று அவள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் பின்னால் மெத்து மெத்தென்று துரை இறங்கி வந்தது. இந்தச் சண்டைக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத முகம். தச்சன் படியோரம் வைத்திருந்த கருவிப்பெட்டிக்குள், உளியின் கூர் மழுங்காமலிருக்க மரச்சுருளைப் பரப்பி வைத்திருந்தான். துரை பெட்டியை முகர்ந்தது. உள்ளே இறங்கியது. தோண்டியது. உட்கார்ந்தது. பெரிய தத்துவம் யோசிப்பது போலத் தூரத்தைப் பார்த்தது...

"ஐயோ, என் உளி!"

"உஷ்ஷ்! கத்தாதீங்க!" அவள் அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். "போய்க்கிட்டிருக்கு!"

"அதான் கத்தறேன்!"

துரை முடித்தது. பின்னங்காலால் மரச்சுருளைத் தள்ளித் தள்ளி, ஒரு மேடு கட்டி, நேர்த்தியாக மூடியது. இதுவரை வீட்டில் ஒருநாளும் மூடியதில்லை. முன்பின் தெரியாத ஒருத்தன் பெட்டியில் இவ்வளவு மரியாதை... அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகையும், பொறாமையில் கோபமும் ஒன்றாக வந்தன. எது முந்தியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

"இந்தப் புத்தி வீட்டுல எங்கடா போச்சு?" என்று துரையைத் திட்டினாள். அப்புறம்தான் இன்னும் அவன் கையைப் பிடித்திருப்பது தெரிந்தது. சூடுபட்டவள் போல விட்டாள்.

"உளியைக் கழுவித் தந்துடறேன்."

"வேணாங்க. நீங்க கழுவினா கோவத்துல ரெண்டா உடைச்சிடுவீங்க."

* * *

அக்கா அன்று சாயங்காலமே தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை அத்தை வர்றாங்க. அவங்க மூக்கு எப்படின்னு உனக்கே தெரியும். அன்னிக்கு இந்த வீட்டுல நாத்தம் அடிச்சா, துரை எடுத்த இடத்துக்கே போயிடணும். இதுக்கு மேல என்கிட்ட பேசாத."

"அது குட்டிதானே அக்கா. தெருவுல விட்டா பொழைக்காது."

"நானும் இந்த வீட்டு மருமகதான்டி. நான் பொழைக்க வேணாமா?"

எடுத்த இடம் என்பது கண்ணாடிக் கடை ஷட்டருக்குப் பின்னால் இருந்த அட்டைப்பெட்டி. எடுக்கும்போது இரண்டு கண்ணும் சீழ் கட்டி ஒட்டிக் கிடந்தன. வேறு யாராவது இருந்தால் பாவம் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அவளுக்குக் கண் என்றால் தொழில். வெந்நீரில் பஞ்சை நனைத்து நாள்தோறும் துடைத்தாள். ஒரு காலையில் ஒரு கண் திறந்தது. அது இந்த உலகத்தில் முதன்முதலில் தெளிவாகப் பார்த்தது அவள் முகத்தை. அதற்கப்புறம் எப்படி எடுத்த இடத்திலேயே விடுவது?

மறுநாள் விலங்கு வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். வைத்தியரம்மா துரையின் வயிற்றை அமுக்கிப் பார்த்து, சிறுநீரையும் சோதித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"இதுக்கு ஒரு வியாதியும் இல்ல. தட்டு எங்க வச்சிருக்கீங்க?"

"வாஷிங் மெஷின் பக்கத்துல."

"தண்டவாளத்துல உக்காரச் சொன்னா நீங்க உக்காருவீங்களா? மண்ணு?"

"பூவாசனை போட்டது. ஒசத்தி ரகம்."

"அதோட மூக்குக்கு அது நரகம். தப்பான இடத்துல போனா என்ன பண்ணுவீங்க?"

அவள் எச்சில் விழுங்கினாள். "தட்டுகிட்ட தூக்கிட்டுப் போய்... இங்கதானே போகணும்னு... கொஞ்சம் சத்தமா சொல்லுவேன்."

"கொஞ்சம்?"

"கீழ்வீட்டுல கேக்கற அளவுக்கு."

"அப்ப அதுக்குத் தட்டுன்னா திட்டு வாங்கற இடம். நீங்களா இருந்தா போவீங்களா?" வைத்தியர் கை கழுவினார். "சத்தமில்லாத மூலை. வாசனையில்லாத மண்ணு, இல்லன்னா அதுக்குப் பிடிச்சது எதுவோ அது. குட்டி ஏறற மாதிரி முன்பக்கம் தாழ்வா இருக்கணும். அப்புறம்... வாயைத் திறக்காதீங்க."

கடைசி மருந்துதான் கசந்தது.

* * *

அதற்குப் பிடித்தது மரச்சுருள். மரச்சுருள் இருக்கும் இடம் தச்சுப்பட்டறை. மேல்வீட்டில் விசாரித்ததில் அவன் பட்டறை அவள் கடைக்குப் பின்தெருவில்தான் இருந்தது; வேலை முடிந்து அதன் வாசலில் போய் நின்றாள். யாரிடமும் எதையும் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை.

அறுத்த மரத்தின் வாசம். சாய்வெயிலில் தூள் மிதந்தது. அவன் நாடாவால் ஒரு பலகையை அளந்துவிட்டு இழைக்க ஆரம்பித்தான். ஒவ்வொரு இழைப்புக்கும் ஒரு சுருள், ரிப்பன் போலச் சுழன்று விழுந்தது. நிமிர்ந்தான்.

காதல் கதையில் இந்த இடத்தில் கண்களுக்கு நாலு வரியாவது ஒதுக்க வேண்டும். அவளும் பார்த்தாள். பழுப்பு விழிகள். நீண்ட இமைகள். மழை முடிந்த சாயங்காலம் போல ஒரு ஈரம்... கிட்டத்தில் பார்க்க எப்படியும் ப்ளஸ் ஒன்றரைக் கண்ணாடி தேவைப்படும். அளவு நாடாவை அவன் கை நீளும் மட்டும் தள்ளிப் பிடித்துப் படித்ததை வைத்தே கணக்குப் போட்டுவிட்டாள்.

"என்னங்க, உளி உடைக்க வந்தீங்களா?"

"குப்பை கேக்க வந்தேன்."

"எது குப்பை?"

"தரையில கிடக்கே, அது."

"குப்பைன்னு சொல்லிட்டு அதையே கேக்கறீங்க! கேக்கறவங்க குரல் இப்படியா இருக்கும்? கடன் வசூலிக்க வந்த மாதிரி இருக்கு."

அவள் திரும்பி நடந்தாள். வாசல் வரை போனாள். துரையின் கண் ஞாபகம் வந்தது. திரும்பி வந்தாள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள அது ஒழுங்கா போகலைன்னா, அதைத் தெருவுல விட்டுடுவாங்க. அதுக்கு உங்க மரச்சுருள்தான் பிடிச்சிருக்கு. கொஞ்சம்... குடுங்க." அந்தக் கடைசி வார்த்தையைப் பல் பிடுங்குவது போலப் பிடுங்கிக் கொடுத்தாள்.

அவன் சிரிக்கவில்லை. குனிந்து அள்ளப் போனவன் நிறுத்தினான். "இதுல பசைப் பலகைத் தூள், பிளைவுட்டுத் தூள் கலந்திருக்கு. குட்டிக்கு ஆகாது. இருங்க." ஒரு வெள்ளை மரத்துண்டை எடுத்து, அவளுக்காகவே இழைத்து, ஒரு பை நிறையக் கொடுத்தான். கொடுக்கும்போது கேட்டான், "எதுல போட்டு வைப்பீங்க?"

"பிளாஸ்டிக் தட்டுல."

"பிளாஸ்டிக்கா?" யாரோ அவன் அம்மாவைத் திட்டியது போல முகம் சுருங்கியது. "நான் ஒரு பெட்டி செஞ்சு தர்றேன்."

"முன்பக்கம் தாழ்வா இருக்கணும்."

"எனக்குத் தெரியாதா?"

அவனுக்குத் தெரியவில்லை.

* * *

சனிக்கிழமை பெட்டி வந்தது. அக்கா வாயைப் பிளந்தாள். அத்தான் எழுந்து நின்றுவிட்டார். ஒரு ஆணி இல்லை. நாலு மூலையும் விரல் கோத்தது போலப் பொருந்தியிருந்தன. வார்னிஷில் முகம் தெரிந்தது. சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குச் சுவர்... முன்பக்கமும் சேர்த்து.

"சுருள் வெளிய சிந்தாது பாருங்க!" என்றான் பெருமையாக.

துரை வந்தது. வார்னிஷை முகர்ந்து தும்மியது. முன்னங்காலைச் சுவரில் வைத்து எக்கிப் பார்த்தது. சறுக்கி விழுந்தது. இன்னொரு தரம் எக்கியது. பிறகு பெட்டிக்குப் பக்கத்திலேயே, பெட்டியைப் பார்த்தபடியே, தரையில் போனது.

அக்கா துடைக்கும் துணி எடுக்கப் போனாள். நாளைக்கு ஞாயிறு.

"முன்பக்கத்தைப் பாதிக்கு வெட்டுங்க" என்றாள் அவள் தச்சனிடம்.

"வெட்டறதா? இந்தப் பொருத்தைப் பாருங்க. இப்படிப் போட இந்த ஊர்ல..."

"பெட்டி யாருக்கு? பூனைக்கா, உங்க பேருக்கா?"

"நான் மூணு நாளா..."

"தாழ்வா வேணும்னு சொன்னேனா இல்லையா? காதுல விழலையா? இல்ல, அளவே தெரியலையா? நாடாவைத் தெருக்கோடியில பிடிச்சாதான் படிக்க முடியுது உங்களுக்கு! மொதல்ல கண்ணைப் போய்க் காட்டுங்க, அப்புறம் பெட்டி செய்யலாம்!"

அத்தான் தரையைப் பார்த்தார். தச்சனுக்குக் கண்தான் சோறு. அதில் கோளாறு என்று நாலு பேர் முன்னால் சொல்வது, பாடகியைப் பார்த்துத் தொண்டை சரியில்லை என்று மேடையில் சொல்வது மாதிரி. அவன் காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சட்டைப்பையில் போட்டான்.

"பெட்டி இருக்கட்டும்" என்றான். "விறகுக்காவது ஆகும்."

போய்விட்டான். துரை கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டது. அவள் குனிந்து கூப்பிட்டாள். இருட்டில் இரண்டு கண்கள் மினுங்கின... பயத்தில். அவள் துடைத்துத் திறந்துவிட்ட கண்கள்தான். இன்று அவள் குரலைக் கேட்டாலே பின்னுக்குப் போகின்றன.

அன்றைக்கு முதல்முறையாக அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்குச் சத்தம் வரவில்லை.

* * *

ஞாயிறு காலை மழை மறுபடி பிடித்துக்கொண்டது. அழைப்புமணி அடித்தது. மாமியார்தான் என்று அக்கா சேலையைச் சரிசெய்துகொண்டு ஓடினாள். வாசலில் நனைந்த கோழி போல நின்றவன் தச்சன். கையில் ரம்பம்.

யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியை இழுத்துப் மாடிப்படித் திருப்பத்தில் வைத்து, முழங்காலால் அழுத்தி, முன்பக்கத்தை அறுக்க ஆரம்பித்தான். விரல் கோத்தது போலிருந்த பொருத்து கிறீச்சென்று பிளந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அவன் மூச்சு விடாமல் அறுத்தான், யாரையோ அறுப்பது போல. பிறகு உளியை எடுத்து உள்ளே இருந்த வார்னிஷை முழுக்கச் சுரண்டினான். விளிம்பை விரலால் தடவித் தடவி, சிராய் இல்லாமல் தேய்த்தான்.

"நீங்க கோவமா இருக்கீங்க" என்றாள் மெதுவாக.

"ஆமா."

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

"கோவம் உங்க மேல. பூனை என்ன பண்ணுச்சு?"

பெட்டியை அவள் அறையில், ஜன்னலுக்குக் கீழே, யாரும் நடமாடாத மூலையில் வைத்தார்கள். புது மரச்சுருளைப் பரப்பினான். அவள் தரையில் உட்கார்ந்தாள். வாயைத் திறக்கவில்லை. கூப்பிடக்கூட இல்லை. அக்கா, அத்தான், தச்சன் மூவரும் கதவிடுக்கில் தலைக்கு மேல் தலை வைத்து நின்றார்கள்.

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு மூக்கு வந்தது. பிறகு மீசை. பிறகு முழுத் துரை. அவளைப் பார்த்தது... அவள் கைகளை மடியில் கட்டிக்கொண்டு, தொண்டைக்குள் புரண்ட ஆயிரம் வார்த்தையையும் விழுங்கினாள். துரை அறுத்த விளிம்பின் மேல் ஒரு கால் வைத்தது. உள்ளே இறங்கியது. தோண்டியது.

அத்தான் அக்கா தோளை அழுத்தினார். "போகுதுடி!"

"உஷ்ஷ்!"

துரை போனது. மூடியது. வெளியே வந்து அவள் முழங்காலில் தலையை முட்டியது. அவளுக்குக் கண் மங்கியது.

"என்ன, எல்லாரும் அங்க என்ன வேடிக்கை?" வாசலில் அக்காவின் மாமியார் பயணப்பெட்டியோடு நின்றார். மூக்கை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். "வீடு பூரா மர வாசனையா இருக்கே. புது அலமாரி வாங்கினீங்களா?"

எல்லாரும் சிரித்த சிரிப்பு அடங்கித் திரும்பிப் பார்த்தபோது அவன் படியிறங்கிப் போயிருந்தான். அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. நன்றியும் சொல்லவில்லை. இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உள்ளேயே நின்றுவிட்டன.

* * *

அதற்கப்புறம் வாராவாரம் பட்டறை வாசலில் மரச்சுருள் மூட்டை ஒன்று தொங்கும். அவள் போய் எடுத்துக்கொள்வாள். அவன் உள்ளே இழைத்துக்கொண்டே இருப்பான். "வந்துட்டீங்களா?" "வந்துட்டேன்." அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அந்த ஒரு வார்த்தையைக் கேட்கப் போகிற நாளில் அவள் காலையிலிருந்தே கண்ணாடி முன்னால் இரண்டு தடவை நின்றாள். அது தொழில் நிமித்தம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஒரு மழைநாள், கடை மூடப்போகிற நேரம். கதவைத் தள்ளிக்கொண்டு அவன் வந்தான்.

"கண்ணைக் காட்ட வந்தேன்" என்றான் தரையைப் பார்த்து. "நீங்கதான் சொன்னீங்க. நாலு பேர் முன்னாடி."

"உள்ள வாங்க." சோதனை அறைக் கதவைத் திறந்தாள். "அன்னிக்கு... நான் சொன்னது..."

"சரியாத்தான் சொன்னீங்க. அதான் வலிச்சுது."

சோதனை அறையில் அரை இருட்டு. அவன் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டினாள். ஒரு வில்லையைச் செருகினாள். சின்ன எழுத்து அட்டையை எதிரே பிடித்தாள்.

"இது தெளிவா இருக்கா?"

"இல்ல."

இன்னொன்று. "இது?"

"கொஞ்சம்."

இன்னும் கிட்டே வந்து, மூன்றாவதைச் செருகினாள். "இப்ப?"

அவன் அட்டையை விட்டு அவளையே பார்த்தான்.

"என்னங்க, தெரியுதா இல்லையா? படிங்க."

"தெரியுது... மூக்கு நுனி சிவந்திருக்கு. கோவம் வந்தா உங்களுக்குச் சிவக்குமா? இத்தனை நாளா எனக்குப் பக்கத்துல குரல் மட்டும்தான் தெரிஞ்சுது. மூஞ்சி இப்பதான் தெரியுது."

"எழுத்தைப் படிக்கச் சொன்னேன்!"

"எழுத்து எங்க போயிடப் போகுது?"

அவள் அட்டையைக் கீழே வைத்தாள். எதையாவது பேசித் தப்பிக்க வேண்டும். "இனிமே மூட்டை கட்ட வேணாம். துரைக்குச் சாதா மண்ணு பழகிடுச்சு. கொஞ்சம் கொஞ்சமா கலந்து மாத்திட்டேன்."

"எப்ப?"

"அது... ஒரு மாசம் இருக்கும்."

"அப்ப இந்த ஒரு மாச மூட்டையெல்லாம்?"

"என் கட்டிலுக்கு அடியில."

அவன் தலையில் கை வைத்தான். "அடக் கடவுளே! பட்டறையில இப்ப எல்லாமே பசைப் பலகை வேலைதாங்க. இழைக்கற வேலையே கிடையாது. உங்களுக்குக் குடுக்கணுமேன்னு நல்ல மரத்தை வாங்கிச் சும்மா இழைச்சுத் தள்ளிக்கிட்டிருக்கேன்!"

"என்னது? நல்ல மரத்தையா?" அவள் எழுந்தேவிட்டாள். "அறிவு இருக்கா? ஒரு பூனை மூத்திரம் போறதுக்கு முழு மரத்தைச் சீவித் தள்ளுவாங்களா? கேட்டுத் தொலைக்கறதுக்கு வாய் இல்லையா?"

"உங்களுக்கு இருந்துச்சா?"

இருக்கவில்லை. வெளியே மழை கூரையைத் தட்டியது. அவள் மெல்ல உட்கார்ந்தாள்.

"எனக்குத் தூரத்துல எல்லாம் நல்லாத் தெரியும்" என்றான் அவன். "பக்கத்துல வந்தாதான் கலங்கிடும்."

"எனக்கும் அதே கோளாறுதான்" என்றாள். "அதான் சத்தம் போட்டு எல்லாரையும் தூரத்துலயே நிறுத்திடுவேன்... நீங்கதான் நிக்கல. ரம்பத்தைத் தூக்கிக்கிட்டு வந்துட்டீங்க."

"இப்பவும் கோவமா?"

"ஆமா. பயங்கரக் கோவம்."

"எப்ப தீரும்?"

"தீராது." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஆயுசுக்கும் இருக்கும். தாங்குவியா?"

'வியா' என்று அவளையறியாமல் வந்துவிட்டது. அவன் சிரித்தான்.

"முன்பக்கம் எவ்வளவு தாழ்வா வேணும்னு மட்டும் சொல்லு. வெட்டிடறேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முடிந்த அளவு கறாராகச் சொன்னாள். "கண்ணாடியைக் கழட்டு. அது கடைச் சாமான்."

"மாட்டேன்" என்றான் அவன். "இப்பத்தான் பக்கத்துல தெரியுது."